கடுப்பு என்று காதில் விழுந்தது

குடும்ப மருத்துவப் பயிற்சியில் இந்த வருஷம் சேர்ந்த உங்களில் நான்கு பேர் போன வாரம் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். கையில் மூன்று வருஷத்துக்கான பணிப் பட்டியல் இருந்தது. எந்த மாதம் பிரசவ வார்டு, எந்த மாதம் அறுவைச் சிகிச்சை, எந்த மாதம் குழந்தைகள் பிரிவு என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். அதில் கிராமத்து ஓபி என்று இருந்த கட்டங்களைக் காட்டி உங்களில் ஒருவர், "இதுல கத்துக்க என்ன சார் இருக்கு? இருமல், சளி, மூட்டு வலி. இத வேற எதுக்காவது மாத்திக்க முடியுமா?" என்று கேட்டார்.

நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. நேரில் சொன்னால் புத்திமதி மாதிரி ஆகிவிடும். நானும் உங்கள் வயதில் அதே கேள்வியைக் கேட்டவன்தான், மாற்றிக்கொள்ள முயன்றவனும்தான். அதனால் நடந்த ஒன்றை எழுதித் தருகிறேன். என்ன எடுத்துக்கொள்வது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுவில் மொரப்பூருக்குப் பக்கத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் பயிற்சி மருத்துவனாக இருந்தேன். நாற்பது படுக்கை, ஒரே ஒரு தியேட்டர். என்னோடு இன்னும் இரண்டு பேர். அந்தப் பயிற்சிக்கு அப்போது குடும்ப மருத்துவம் என்றெல்லாம் யாரும் பெயர் வைக்கவில்லை. வெளியே போகும்போது வாசலில் வந்து நிற்கிற யாரையும் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பார்கள், அவ்வளவுதான். தலைமை மருத்துவர் ஒரு பெண்மணி, அறுவைச் சிகிச்சை நிபுணர். நாங்கள் அவரைச் சீஃப் என்று கூப்பிடுவோம். அதிகம் பேசமாட்டார். பாராட்டவும் மாட்டார், திட்டவும் மாட்டார்.

எங்கள் மூவரிடமும் ஆளுக்கொரு நோட்டு இருந்தது. செய்த பிரசவம், போட்ட தையல், உடன் நின்ற ஆபரேஷன், தானே செய்த ஆபரேஷன் எல்லாவற்றையும் அதில் எழுதி சீஃபிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ராத்திரி சாப்பாட்டு மேஜையில் ஒருவர் நோட்டை இன்னொருவர் எட்டிப் பார்ப்போம். கிராமத்து ஓபிக்குப் போய்வந்தால் நோட்டில் எழுத ஒன்றும் இருக்காது. அதனால் அந்த வேலையை ஒருவர் தலையில் ஒருவர் கட்டப் பார்ப்போம். அந்த மாதம் அது என் தலையில் இருந்தது.

ஒவ்வொரு புதன்கிழமையும், மொரப்பூரிலிருந்து கம்பைநல்லூர் போகிற சாலையில் உள்ளே பிரியும் ஓர் ஊருக்கு ஜீப்பில் போவோம். கூட்டுறவுச் சங்கக் கட்டிடத்தில் இரண்டு மேஜை போட்டு ஓபி நடக்கும். அந்த ஊரில் பாதி வீடுகளில் தெலுங்கு பேசுவார்கள். நம்மோடு பேசும்போது தமிழில் பேசுவார்கள். ஆனால் வலி அதிகமாக இருக்கிறபோது யாருக்கும் வீட்டில் பேசுகிற பேச்சுதான் வாயில் வரும். நான் திருச்சிக்காரன். தெலுங்கு தெரியாது. என்னோடு வருகிற சபியா சிஸ்டருக்குத் தெரியும். தருமபுரியில் தகரப் பெட்டி, வாளி செய்கிற குடும்பம் அவருடையது. வாங்க வருகிறவர்களோடு பேசிப் பேசியே தெலுங்கும் கன்னடமும் கற்றுக்கொண்டவர். வழக்கமாக அவர் என் பக்கத்திலேயே நிற்பார். நான் எழுதுவேன், அவர் கேட்டுச் சொல்வார்.

நான் சொல்லப்போகிற புதன்கிழமைக்கு முதல் நாள் சீஃப் வார்டில் என்னை நிறுத்தினார். "நாளைக்கு ரெண்டு மணிக்கு ஒரு ஹெர்னியா இருக்கு. நீ பண்ணு. நான் எதிர்ல நிக்கறேன்" என்றார். அதுவரை நான் உடன் நின்றிருக்கிறேனே தவிர, கத்தி என் கையில் வந்ததில்லை. அன்றைக்கு ராத்திரிக்குள் ஹெர்னியா பாடத்தை மூன்று முறை படித்தேன்.

மறுநாள் காலையில் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனபோது நல்ல கூட்டம். பன்னிரண்டரைக்காவது கிளம்பினால்தான் இரண்டு மணிக்குக் கை கழுவிக்கொண்டு நிற்கலாம். நான் வரிசையை இரண்டாகப் பிரித்தேன். "சிஸ்டர், ஊசி, கட்டு, கர்ப்பிணிங்க எல்லாம் நீங்க அந்த மேஜைல பாத்துக்குங்க. மத்தவங்கள நான் இங்க பாத்துடறேன்" என்றேன். சபியா சிஸ்டர், "தனியாப் பாத்துக்குவீங்களா சார்?" என்றார். நான் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

பத்து மணி வாக்கில் நாகம்மா என் மேஜைக்கு வந்தார். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும். ஒரு கையை மேஜையில் ஊன்றிக்கொண்டுதான் உட்கார்ந்தார். வேகமாக ஏதோ சொன்னார். அதில் கடுப்பு என்ற சொல்லும் நொப்பி என்ற சொல்லும் என் காதில் விழுந்தன. நொப்பி என்றால் வலி என்று அந்த ஊருக்கு வந்த முதல் வாரமே தெரிந்துகொண்டிருந்தேன். கடுப்பு தமிழ்ச் சொல்தானே? வயிற்றுக்கடுப்பு. அந்தச் சமயத்தில் ஊரில் பாதிப் பேருக்கு அது இருந்தது.

"வெளிக்கு அடிக்கடி போவணும் போல இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்குதுங்க சார். போனா ஒண்ணும் வரமாட்டேங்குது" என்றார்.

எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே எழுதினேன். அவர் தோளைத் தொட்டுக் காட்டி, இங்கேயும் வலிக்கிறது என்றார். "கடலைக்காய் மூட்டை தூக்கினீங்களா?" என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் மாத்திரைச் சீட்டை நீட்டிவிட்டேன். சீதபேதிக்குக் கொடுக்கிற மெட்ரோனிடசோல், ஐந்து நாளைக்கு. இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

பதினொன்றரைக்கு ஒரு தாய் தன் பையனைக் கொண்டுவந்தார். காய்ச்சல் விட்ட குழந்தை. சாப்பிடுகிறானா என்று கேட்டேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பையன் வயிற்றைத் தட்டி, "கடுப்பு நிண்டா தின்னாடு சார்" என்றார்.

பேனா அப்படியே நின்றது. அடுத்த மேஜைப் பக்கம் திரும்பி, "சிஸ்டர், இவங்க பேச்சுல கடுப்புன்னா என்ன?" என்று கேட்டேன்.

ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த சபியா சிஸ்டர் நிமிராமலே சொன்னார். "வயிறுங்க சார். மாசமா இருந்தாலும் அதே சொல்லுதான். கடுப்போட இருக்கறன்னு சொல்லுவாங்க."

ஓபி புத்தகத்தைப் புரட்டி நாகம்மாவின் வரியைப் பார்த்தேன். வயிற்றுக்கடுப்பு என்று என் கையெழுத்தில் இருந்தது. நாடித்துடிப்பு எழுத வேண்டிய இடம் காலி. கையைப் பிடித்தே பார்க்கவில்லை. கடைசியாக வீட்டுக்குத் தூரமானது எப்போது என்று கேட்கவில்லை. வயிற்றில் கை வைக்கவில்லை.

நீங்கள் இன்றைக்குப் படித்திருப்பதை நானும் படித்திருந்தேன். பிள்ளை பெறுகிற வயதில் ஒரு பெண்ணுக்கு வயிற்று வலி, மலம் போக வேண்டும் போன்ற அழுத்தம், கூடவே தோள் நுனியில் வலி. கரு கருப்பைக்குப் போகாமல் குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்து, உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று நினைக்க வேண்டும். பரீட்சையில் கேட்டிருந்தால் அரைப் பக்கம் எழுதியிருப்பேன்.

அடுத்து நான் செய்ததை மறைக்காமல் சொல்கிறேன். எழுந்து ஓடவில்லை. இன்னும் மூன்று நோயாளிகளைப் பார்த்தேன். வெறும் சீதபேதியாகவும் இருக்கலாமே, அதுவும் கடுப்புதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டாக்டர் தான் அனுப்பிய நோயாளியைத் தேடிக்கொண்டு வீடு வரைக்கும் போனால் ஊர் என்ன நினைக்கும் என்றும் தோன்றியது. இரண்டு மணி ஹெர்னியாவும் மனதில் இருந்தது. அந்த மூன்று பேரின் முகம் எனக்கு இன்றும் நினைவில்லை. பத்து நிமிஷம் போயிற்று.

சபியா சிஸ்டர்தான் வந்து மேஜை முன்னால் நின்றார். "கடுப்புன்னு சொன்னது யாருங்க சார்?" என்றார். சொன்னேன். "நாகம்மாவா? அவ வூடு மோட்டார் ரூம் பக்கத்துலங்க, ரெண்டு கிலோமீட்டர் இருக்கும். நான் போய்ப் பாத்துட்டு வரட்டுங்களா, நீங்க லைன முடிங்க."

அது எனக்கு வசதியான வழி. ஒரு வினாடி அதற்குத் தயாராகவும் இருந்தேன். பிறகு, அங்கே நாடி பார்த்துவிட்டு சிஸ்டர் மறுபடி என்னைத் தேடி வர வேண்டியிருக்கும் என்று தோன்றியது. பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். வரிசையில் இன்னும் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். ஒரு பெரியவர், "காலையிலருந்து நிக்கறோம், நாங்க மட்டும் மனுசங்க இல்லைங்களா?" என்று சத்தம் போட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை.

ஜீப் வண்டித்தடத்தில் குலுங்கிக்கொண்டே போய் ஒரு கடலைக்காட்டின் ஓரத்தில் நின்றது. நாகம்மா மோட்டார் ரூமின் நிழலில் கயிற்றுக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். காலையில் பார்த்ததைவிட முகம் வெளுத்திருந்தது. நெற்றி ஜில்லென்று வியர்த்திருந்தது. கண் இமையைத் தாழ்த்திப் பார்த்தேன், உள்ளே வெள்ளையாக இருந்தது. நாடி நூற்று முப்பது. வயிற்றில் கை வைத்ததும் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். ரத்த அழுத்தம் பார்த்தபோது இனி நேரம் அதிகமில்லை என்று தெரிந்தது.

கணவர் முனிரத்தினம் தக்காளித் தோட்டத்திலிருந்து ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னேன். உள்ளே ரத்தம் போகிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும், இப்போதே கிளம்ப வேண்டும்.

"காலையில நீங்கதானுங்களே பாத்தீங்க? மாத்திரை குடுத்தீங்களே. அதுக்குள்ள ஆபரேசனுங்கறீங்க?"

"காலையில நான் தப்பாப் பாத்துட்டேன்" என்றேன்.

இதைச் சொல்லிவிட்டால் மனிதர்கள் இளகிவிடுவார்கள் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அப்படியெல்லாம் ஆகாது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காலையில சொன்னது தப்புன்னா, இப்ப சொல்றது மட்டும் சரின்னு எப்படிங்க நம்பறது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

என் வாயில் பாடத்துச் சொற்களே வந்தன, அவருக்கு அவை புரியவில்லை. சபியா சிஸ்டர் கட்டிலுக்கு இந்தப் பக்கம் வந்து, முனிரத்தினத்தின் விரல்களைப் பிடித்து நாகம்மாவின் மணிக்கட்டில் வைத்தார். "இத நல்லாத் தொட்டுப் பாருங்க." கொஞ்ச நேரம் கழித்து அதே விரல்களை எடுத்து அவருடைய மணிக்கட்டிலேயே வைத்தார். "இப்ப உங்களுத." அவர் தோட்டத்திலிருந்து ஓடி வந்தவர். அப்படியும் அவருடையது நிதானமாக இருந்தது. மனைவியுடையது எண்ண முடியாத வேகத்தில் இருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தார். பிறகு கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். டிரைவர் கோவிந்தன் இன்னொரு பக்கத்தைப் பிடித்தார்.

ஜீப்பில் ஏற்றியதும் ஒரு கையில் சலைன் போட்டேன். அடுத்து எங்கே போவது என்று முடிவெடுக்க வேண்டும். தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில் எல்லா வசதியும் உண்டு, ஆனால் தூரம் அதிகம். எங்கள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சேமிப்பில் கிடையாது. யாராவது கொடுத்தால் வகை பார்த்து ஏற்றலாம். ஆனால் அது பக்கம், அங்கே சீஃப் இருக்கிறார், தியேட்டர் தயாராக இருக்கிறது. தியேட்டர் தயாராக இருந்தது எனக்காகத்தான் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. மொரப்பூருக்கே விடச் சொன்னேன்.

மொரப்பூர் எல்லையில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஆஸ்பத்திரி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. கூட்ஸ் வண்டி ஒன்று வர வேண்டும், பத்து நிமிஷமாவது ஆகும் என்றார் கேட்காரர். கோவிந்தன் ஹாரன் அடித்தார். கேட்காரர் கையை விரித்தார்.

நான் இறங்கி ஓடலாமா என்று யோசித்தேன். சீஃபிடம் சொன்னால் எல்லாம் தயாராக இருக்கும். ஆனால் ஜீப்பில் நாகம்மாவுக்கு ஏதாவது ஆனால் பார்க்க டாக்டர் இல்லை. ஒரு சீட்டை எடுத்து நான்கு வரி எழுதி முனிரத்தினத்திடம் கொடுத்தேன். "வண்டி வர்றதுக்குள்ள அந்தப் பக்கம் போயிடுங்க. ஆஸ்பத்திரில யாரு முதல்ல கண்ணுல பட்டாலும் இதக் குடுங்க. உங்க ரத்தத்தையும் எடுத்துப் பாக்கச் சொல்லுங்க." அவர் மனைவியை ஒரு முறை பார்த்துவிட்டு, தண்டவாளத்தின் இரு பக்கமும் பார்த்து, கடந்து ஓடினார்.

கேட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள் காத்திருந்தோம். சபியா சிஸ்டர் ஒரு கையில் சலைன் பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் நாகம்மாவின் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தார். இருவரும் தெலுங்கில் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். நாகம்மா என் பக்கம் கண்ணைத் திருப்பி, "செப்பினா கதா" என்றார்.

"என்ன சொல்றாங்க சிஸ்டர்?"

"நான்தான் சொன்னேனேங்கறாங்க சார். ரெண்டு மாசம் முழுகாம இருக்கறேன், வயித்துல வலி தாங்க முடியலன்னு காலையிலேயே உங்ககிட்டச் சொல்லியிருக்காங்க. நீங்க தலையாட்டினீங்களாம். டாக்டருக்குத் தெரிஞ்சுபோச்சு, தெரிஞ்சுதான் மாத்திரை குடுக்கறாருன்னு நினைச்சுட்டாங்க."

கூட்ஸ் வண்டி வந்தது. நீளமான வண்டி. அது போய் முடிகிற வரைக்கும் நாகம்மாவின் நாடியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கேட் திறந்து ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது ஸ்ட்ரெச்சர் வெளியே நின்றது. ஹெர்னியாக்காரரைத் தியேட்டரிலிருந்து வார்டுக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். முனிரத்தினம் கையை நீட்டி உட்கார்ந்திருந்தார். நாகம்மாவின் ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்தபோது அவர் ரத்தம் பொருந்தியது. சீஃப் நாகம்மாவின் வயிற்றை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, கூடப் படிக்கிற இன்னொருவனைக் கை கழுவிக்கொண்டு வரச் சொன்னார். என்னைப் பார்த்து, "இன்னொரு பாட்டில் ரத்தம் வேணும். ஏற்பாடு பண்ணு" என்றார். டிரைவர் கோவிந்தனின் ரத்தமும் பொருந்தியது. அதை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தியேட்டர் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே போகச் சொல்வார்கள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. வயிற்றுக்குள் நிறைய ரத்தம் கட்டியிருந்ததாம். ஒரு பக்கக் குழாயை எடுத்துவிட்டார்கள். நாகம்மா பிழைத்துக்கொண்டார். இன்னும் அரை மணி நேரம் தாமதமாகியிருந்தால் என்று பிறகு வார்டில் பேசிக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் என்னுடைய பத்து நிமிஷமும் உண்டு என்று அவர்களுக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் காலையில் சீஃப் ரவுண்ட்ஸ் வந்தார். நாங்கள் மூவரும், சபியா சிஸ்டரும் உடன் இருந்தோம். நாகம்மாவின் கட்டிலருகே நின்று, "யார் பாத்த கேஸ்? சொல்லு" என்றார். நோயாளியின் விவரத்தைச் சொல்வது என் வேலை.

முந்தின நாளே மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன். "மொழிப் பிரச்சினை காரணமாக நோயாளியிடமிருந்து சரியான விவரம் கிடைக்கவில்லை" என்று ஆரம்பிக்க வேண்டும். அது பொய் என்று யாரும் சொல்ல முடியாது. நாம் எல்லோரும் கேஸ் ஷீட்டில் இப்படித்தான் எழுதுகிறோம். நோயாளி ஒத்துழைக்கவில்லை, விவரம் தெளிவாக இல்லை, தாமதமாக வந்தார். எழுதிப் பழகிய கைக்கு இந்த வாக்கியங்கள் தானாகவே வரும்.

ஆரம்பித்தேன். "மொழிப் பிரச்சினை காரணமாக" என்பது வரைக்கும் வந்தேன். நாகம்மா தலையணையில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நான் சொல்வது முழுக்கப் புரிந்திருக்காது. ஆனாலும் அதற்கு மேல் அந்த வாக்கியம் போகவில்லை.

"விவரம் கிடைச்சுது மேடம்" என்றேன். "அவங்க காலையிலேயே சொன்னாங்க. மாசமா இருக்கறதையும் சொன்னாங்க, வலியையும் சொன்னாங்க. எனக்குத் தெலுங்கு தெரியாது. சிஸ்டர வேற மேஜைக்கு அனுப்பிட்டேன். கேக்காமலே தலையாட்டிட்டேன். நாடியும் பாக்கல. தப்புன்னு தெரிஞ்ச பிறகும் எழுந்திருக்கப் பத்து நிமிஷம் ஆச்சு."

கூட நின்ற இருவரும் தரையைப் பார்த்தார்கள். சீஃப் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"இத ஷீட்ல எழுதியிருக்கியா?"

"இல்ல மேடம்."

"எழுது."

அங்கேயே நின்றுகொண்டு எழுதினேன். ஆங்கிலத்தில் ஐந்து வரி. செயப்பாட்டு வினையில் எழுதினால் செய்தது யார் என்று தெரியாமல் போய்விடும், அந்த வித்தை நமக்கெல்லாம் தெரியும். ஒவ்வொரு வரியையும் நான் என்று ஆரம்பித்தேன். சீஃப் வாங்கிப் படித்தார். ஒரு சொல்லையும் மாற்றாமல் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார். அது டைபாய்டு. என்னிடம் அதைப் பற்றிக் கேள்வி கேட்டார். பதில் சொன்னேன்.

அந்த ஹெர்னியாவை அடுத்த வாரம் என்னோடு இருந்த இருவரில் ஒருவன் செய்தான். எனக்கு முதல் ஆபரேஷன் கிடைக்க இன்னும் ஐந்து மாதம் ஆயிற்று. புதன்கிழமை ஓபியை நான் அந்த இரண்டு வருஷம் முழுக்க யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. சபியா சிஸ்டரின் நாற்காலியை என் மேஜைக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டேன். நோட்டில் எழுத ஒன்றும் கிடைக்காது என்பது உண்மைதான், கிடைக்கவும் இல்லை. நீங்கள் அந்தக் கட்டத்தை மாற்றிக்கொள்வதென்றால் மாற்றிக்கொள்ளலாம், அது உங்கள் விருப்பம். ஆனால் நோயாளி பேசுகிறபோது புரியாமல் தலையாட்டுகிற பழக்கம் உங்களிடம் இருக்கிறதா என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். எல்லோரிடமும் இருக்கிறது.

ரவுண்ட்ஸ் முடிந்து எல்லோரும் போன பிறகு சபியா சிஸ்டர் நாகம்மாவுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். நான் ஷீட்டைத் திரும்ப வைக்கப் போனேன். நாகம்மா அதைக் காட்டி சிஸ்டரிடம் ஏதோ கேட்டார்.

"நீங்க என்ன எழுதினீங்கன்னு கேக்கறாங்க சார்" என்றார் சிஸ்டர்.

"படிச்சுச் சொல்லுங்க."

சபியா சிஸ்டர் ஷீட்டைக் கையில் வாங்கி, ஒவ்வொரு வரியாகத் தெலுங்கில் சொன்னார். நாகம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். ஐந்தாவது வரி முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"அவுனு" என்றார்.

அதற்கு ஆமாம் என்று அர்த்தம். அதை யாரும் எனக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.